இளங்கன்றுகளைத் தாக்கும் நுரையீரல் அழற்சி

கன்று பிறந்த முதல் இரண்டு வாரங்களில் அதன் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் கழிச்சல். அதிலிருந்து தப்பிய கன்றுக்கு அடுத்து நிற்கும் பெரிய ஆபத்து நுரையீரல் அழற்சி. மருத்துவர்கள் நிமோனியா என்பதும், மாடு வளர்ப்பவர்கள் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்பதும் இதைத்தான். மூன்று வார வயதிலிருந்து மூன்று, நான்கு மாதம் வரை இது அதிகம் தாக்குகிறது. கழிச்சல் வந்தால் கன்றின் வாலும் தொழுவத்தின் தரையுமே காட்டிக்கொடுத்துவிடும். நுரையீரல் நோய் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. இருமல் காதில் விழுவதற்கு முன்பே நுரையீரலின் ஒரு பகுதி கெட்டுப்போயிருக்கும். நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, இன்று காலையில் எழவில்லை என்று கன்றை இழந்தவர்கள் சொல்வது இதனால்தான். உண்மையில் நேற்றும் அது நன்றாக இருந்திருக்காது.

இந்த நோயின் நட்டம் இறப்போடு நிற்பதில்லை. பிழைத்த கன்றின் நுரையீரலில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடம் மறுபடி காற்றை வாங்காது. அப்படிப்பட்ட கிடேரி தன்னோடு பிறந்தவற்றைவிட மெதுவாக வளரும், பருவத்துக்குப் பிந்தி வரும், முதல் ஈற்றும் தள்ளிப்போகும். பால் குடிக்கும் வயதில் அல்ட்ராசவுண்ட் கருவியால் நுரையீரலைப் பார்த்து, அதே கிடேரிகள் கன்று ஈன்ற பிறகு எவ்வளவு கறந்தன என்று கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. நுரையீரலில் குறிப்பிடத்தக்க பகுதி இறுகிப்போயிருந்த ஹோல்ஸ்டீன் கிடேரிகள் முதல் கறவையில் சுமார் 500 கிலோ பால் குறைவாகக் கொடுத்திருந்தன. இன்றைய கன்றின் மூச்சுக் கோளாறு இரண்டு, மூன்று ஆண்டு கழித்துப் பால் கணக்கில் இடிக்கிறது.

மாட்டினத்துக்கு நுரையீரல் இயற்கையிலேயே ஒரு பலவீனமான உறுப்பு. ஏறக்குறைய அதே எடையுள்ள குதிரையோடு ஒப்பிட்டால் மாட்டின் நுரையீரல் மிகச் சிறியது. ஆனாலும் பெரிய உடலையும் எப்போதும் அரைத்துக்கொண்டிருக்கும் வயிற்றையும் அது தாங்கவேண்டும். கையிருப்பு குறைவு என்பதால் சிறிது பகுதி கெட்டாலே மூச்சு முட்டத் தொடங்கும். தவிர, மாட்டின் நுரையீரல் சிறுசிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறைக்குப் போகும் குழாய் சளியால் அடைபட்டால் பக்கத்து அறையிலிருந்து காற்று வர வழியில்லை. இன்னொன்றும் உண்டு. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே, வலது நுரையீரலின் முன்பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு கிளைக்குழாய் போகிறது. மூக்கு வழியே இறங்கும் கிருமிக்கும் தவறி உள்ளே போன பாலுக்கும் இதுதான் முதல் வழி. நோய் அநேகமாக இங்கேதான் தொடங்கும். இறந்த கன்றை அறுத்துப் பார்த்தால் இந்த முன்பகுதி கருஞ்சிவப்பாக, ஈரலைப் போலக் கெட்டியாக இருக்கும். நல்ல நுரையீரலின் துண்டு தண்ணீரில் மிதக்கும், இது மூழ்கிவிடும்.

கிருமிகள் வெளியிலிருந்து திடீரென்று வந்து தாக்குவதாகவே பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மேன்ஹெய்மியா, பாஸ்சுரெல்லா, ஹிஸ்டோஃபிலஸ், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாக்கள்தான் நுரையீரலைக் கெடுப்பவை. இவற்றில் சில, நல்ல ஆரோக்கியமுள்ள கன்றின் மூக்கிலும் தொண்டையிலும்கூடக் குடியிருப்பவை. மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, சளியில் ஒட்டிய கிருமியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை கீழே இறங்குவதில்லை. பாரா-இன்ஃப்ளுயன்சா, பி.ஆர்.எஸ்.வி., ஐ.பி.ஆர். போன்ற வைரஸ்கள் முதலில் வந்து இந்த இழைகளை அழிக்கின்றன. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, புகை, தூசி ஆகியவையும் அதே வேலையைச் செய்கின்றன. காவல் போனபின் தொண்டையில் இருந்த பாக்டீரியா உள்ளே இறங்குகிறது. மேன்ஹெய்மியா உண்டாக்கும் நஞ்சு ஒன்று, அசைபோடும் விலங்குகளின் வெள்ளை அணுக்களையே குறிவைத்து வெடிக்கச் செய்யும். கிருமியை அழிக்க வந்த அந்த அணுக்கள் வெடித்துக் கொட்டும் பொருட்கள் நுரையீரலைப் புண்ணாக்குகின்றன. மருந்து கொடுப்பதில் ஒரு நாள் தாமதித்தாலும் நிலைமை தலைகீழாகிவிடுவதற்கு இதுவே காரணம்.

தடுப்பு வேலை கன்று பிறந்த முதல் சில மணி நேரத்தில் தொடங்குகிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோயெதிர்ப்புப் பொருள் கருப்பையிலேயே கிடைத்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்றே சொல்லிவிடலாம். அது வரும் ஒரே வழி சீம்பால். அந்த வழியும் நெடுநேரம் திறந்திருக்காது. பிறந்த முதல் ஆறு மணி நேரத்தில் கன்றின் குடல் இந்தப் பொருளை அப்படியே இரத்தத்துக்குள் விடும். போகப்போகக் குறைந்து, ஒரு நாளில் அநேகமாக அடைபட்டுவிடும். இரண்டாம் நாள் குடம் குடமாகக் குடித்தாலும் முதல் நாள் விட்டது திரும்பாது.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது சீம்பாலுக்கு நல்ல கணக்கு. 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு இரண்டரை லிட்டர். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தவரை குடிக்கவிட்டு, மீதியை ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இன்னொரு முறை கொடுக்கவேண்டும். நஞ்சுக்கொடி விழும் வரை மடியில் கைவைக்கக்கூடாது என்ற வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. இதைப் போலக் கன்றுக்குக் கெடுதல் செய்யும் வழக்கம் வேறில்லை. கொடி விழ எட்டு, பத்து மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் கன்றின் நல்ல நேரம் கழிந்துவிடும். கன்று ஊட்டினால் கொடி விழுவதற்குத் தடை ஏதுமில்லை, மடியைச் சுவைப்பது கருப்பை சுருங்க உதவவே செய்யும். சீம்பாலைக் காய்ச்சித் திரட்டி அண்டை அயலாருக்குக் கொடுப்பது அழகான பழக்கம்தான். ஆனால் கன்று வயிறு நிறைந்த பிறகே பாத்திரம் அடுப்புக்குப் போகவேண்டும். கன்றுக்குக் கொடுக்கும் சீம்பாலைக் காய்ச்சவே கூடாது, சூட்டில் அதன் பயன் போய்விடும். மாட்டுக்கும் ஒரு கவனிப்பு வேண்டும். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பால் வற்றவிட்டால்தான் சீம்பால் சத்தாக ஊறும்.

சீம்பாலில் கிடைத்த இந்தப் பாதுகாப்பு நிலையானதல்ல. வாரம் செல்லச் செல்ல அது கரைந்துகொண்டே போகும். கன்றின் சொந்த எதிர்ப்புச் சக்தியோ மெதுவாகத்தான் தலையெடுக்கும். ஒன்று குறைந்து மற்றொன்று கூடாத அந்த இடைவெளி ஒன்று முதல் மூன்று மாத வயதில் விழுகிறது. நுரையீரல் அழற்சி அந்த வயதில் அதிகம் வருவதன் காரணமும் இதுவே. பால் குறைத்தல், கொம்பு சுடுதல், இடம் மாற்றுதல் ஆகிய எல்லாவற்றையும் இந்த நேரத்தில் ஒரே வாரத்தில் செய்துவிடுவது நல்லதல்ல. கறந்த பால் முழுவதும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், கன்றுக்கு மடியில் ஒட்டியது மட்டும் கிடைக்கும் வீடுகளில் நோய் எளிதாகப் பிடிக்கிறது. காளைக்கன்றுகளின் நிலை இன்னும் பரிதாபம். விற்றால் விலை போகாது என்று அவற்றைப் பட்டினி போடுவது கொடுமை. நோய் முதலில் அவற்றைப் பிடித்துப் பிறகு பக்கத்தில் கட்டியிருக்கும் கிடேரிக்குத் தாவுவதும் கண்கூடு.

அடுத்தது காற்று. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஐப்பசி அடைமழையும் மார்கழிப் பனியும் வந்துவிட்டால் கொட்டகையைச் சுற்றிச் சாக்கும் தார்ப்பாயும் கட்டிவிடுவார்கள். கன்று குளிரில் நடுங்கக்கூடாது என்ற அக்கறைதான் காரணம். ஆனால் காய்ந்த படுக்கையில், வயிறு நிறையப் பால் குடித்துப் படுத்திருக்கும் கன்றைச் சமவெளியின் மார்கழிக் குளிர் ஒன்றும் செய்யாது. ஈரம்தான் அதை வாட்டும். நாலு பக்கமும் அடைத்த கொட்டகையில் மூச்சின் ஈரமும் சிறுநீரின் அம்மோனியாவும் வெளியேற வழியின்றித் தேங்குகின்றன. ஆள் நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. கன்று படுத்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து, அதன் மூக்கு இருக்கும் இடத்தில் தன் மூக்கை வைத்துப் பார்க்கவேண்டும். கண் எரிந்தாலோ, காரமான நெடி அடித்தாலோ கன்று அதைத்தான் இரவு முழுக்கச் சுவாசிக்கிறது. அதே இடத்தில் அரை நிமிடம் மண்டியிட்டு எழுந்தால் படுக்கையின் ஈரமும் தெரிந்துவிடும். முழங்கால் நனைந்தால் கன்றின் வயிறும் நனைகிறது.

காற்றடிக்கும் பக்கத்தில் கன்றின் உயரத்துக்கு மட்டும் மறைப்புக் கட்டி, அதற்கு மேலே திறந்துவிடுவதே சரியான முறை. வாடை நேராகக் கன்றின்மேல் படாது. நெடியும் ஈரமும் மேலே ஏறிப் போய்விடும். தரை, மூத்திரம் தேங்காமல் வாய்க்காலுக்கு ஓடும்படி சரிந்திருக்கவேண்டும். வைக்கோலை, படுத்த கன்றின் கால்கள் புதையும் அளவுக்குப் பரப்பி, நனைந்ததைத் தினமும் எடுத்துவிட வேண்டும். குளிர்கால அமெரிக்கக் கொட்டகைகளில் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. கால் புதையும் படுக்கை கிடைத்த கன்றுகளுக்கு மூச்சு நோய் குறைவாக வந்தது. கொசுவுக்காக வேப்பிலையும் சாணமும் போட்டு மூடிய கொட்டகைக்குள் மூட்டம் போடுவதையும் கைவிடவேண்டும். கொசு போவது உண்மைதான். ஆனால் புகையில் கன்றின் மூச்சுக்குழல் வெந்துபோகிறது. கொசு வலையும் மின்விசிறியும் அந்த வேலையை நோயில்லாமல் செய்யும்.

நெருக்கம் இன்னொரு காரணம். பெரிய மாடுகள் நோய் தெரியாமலே கிருமியைச் சுமக்கும். அவற்றின் மூக்குக்கு எட்டும் தூரத்தில் பச்சைக் கன்றைக் கட்டக்கூடாது. வெவ்வேறு வயதுக் கன்றுகளை ஒரே அடைப்பில் விட்டால் மூத்ததிலிருந்து இளையதற்கு நோய் இறங்கும். பால் கொடுக்கும்போது சிறிய, நோயில்லாத கன்றில் தொடங்கி நோயுற்ற கன்றில் முடிக்கவேண்டும். ஒரே வாளியை எல்லாவற்றுக்கும் நீட்டக்கூடாது. பொள்ளாச்சி, மணப்பாறை போன்ற சந்தைகளில் வாங்கி வரும் கன்றுகள் தனிக் கவனத்துக்குரியவை. வண்டியில் நின்றபடி பயணம், பட்டினி, தாயைப் பிரிந்த கலக்கம், பல ஊர்க் கன்றுகளின் மூச்சு எல்லாம் சேர்ந்து, வந்து சேர்ந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் நோயாக வெளிப்படும். மூன்று வாரமாவது தனியே கட்டிவைத்துப் பார்த்த பிறகே வீட்டுக் கன்றுகளோடு சேர்க்கவேண்டும்.

கிருமி எதுவும் இல்லாமல், மனிதக் கையாலேயே வரும் நுரையீரல் அழற்சியும் உண்டு. வயிறு உப்பிய கன்றுக்குத் தலையை அண்ணாந்து தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, மூங்கில் குழாயால் எண்ணெயோ கஷாயமோ ஊற்றுவது வழக்கம். நாக்கைப் பிடித்துவிட்டால் கன்றால் விழுங்க முடியாது, ஊற்றியது மூச்சுக்குழலில் இறங்கும். எண்ணெய் இதில் மிகவும் ஆபத்தானது. அது உள்ளே போகும்போது இருமல்கூட வராது. மருந்து ஊற்றும்போது கன்றின் மூக்கு அதன் கண் மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக விட்டு, விழுங்கிய பிறகே அடுத்த வாய் ஊற்றவேண்டும். இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும். பால்புட்டியின் ரப்பர் காம்பு ஓட்டையைப் பெரிதாக அறுத்துவிடுவதாலும் இதே கேடு வரும்.

நோயைக் கண்டுகொள்ள நல்ல நேரம் பால் கொடுக்கும் நேரம். நலமாக உள்ள கன்று ஆள் அரவம் கேட்டதும் எழுந்து, முதுகை நெளித்துச் சோம்பல் முறித்து, முட்டிமோதிக்கொண்டு வரும். நோய் தொடங்கிய கன்று கடைசியில் எழும். குடிக்கும், ஆனால் நடுநடுவே நிறுத்தும். பாலை மிச்சம் வைத்தது என்பதைவிட, குடிக்க எடுத்துக்கொண்ட நேரம் கூடியதே முதல் அடையாளம். அடுத்துப் பார்க்கவேண்டியது மூக்கு. நல்ல கன்று நாக்கால் தன் மூக்கை நக்கிச் சுத்தமாக வைத்திருக்கும். உடல்நலம் கெட்டதும் நக்குவதை விட்டுவிடும். முதலில் தண்ணீராக ஒழுகி, பிறகு மஞ்சளாகக் கெட்டித்த சளி ஓட்டையோரம் காய்ந்து நிற்கும். கண்ணோரம் நீர் வடிந்த தடம், தொங்கும் காது, எழுப்பி நாலடி நடத்தினால் வரும் வறட்டு இருமல் ஆகியவை அதைத் தொடர்ந்து வருபவை. ஒரு காது மட்டும் தொங்கித் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மைக்கோபிளாஸ்மா காதுக்குள்ளும் புகுந்திருக்கலாம்.

காதைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது நம்பத்தக்கதல்ல. மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் வெப்பமானியைக் கன்றின் ஆசனவாயில் வைத்துப் பார்க்கவேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரியான சூடு. காலை வேளையில் 103ஐத் தொட்டால் அது காய்ச்சல். பிறகு மூச்சு. கன்று படுத்திருக்கும்போதே, அதை எழுப்பாமல், தூர நின்று விலாப்புறம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு 40 வரை இயல்பு. நண்பகல் வெயிலில் நல்ல கன்றும் அதிகமாக இளைக்கும் என்பதால் விடியற்காலை எண்ணிக்கையே கணக்கில் சேரும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வகுத்த முறை ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. காய்ச்சல், இருமல், மூக்குச்சளி, கண் அல்லது காதின் நிலை ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சை, 4 வந்தால் கண்காணிப்பு என்று முடிவு செய்கிறார்கள். வாரம் இருமுறை ஒரு நோட்டில் எழுதி வந்தால் படிக்கும் பிள்ளைகளே வீட்டில் இதைச் செய்துவிடலாம்.

கழுத்தை நீட்டி, முழங்கைகளை வெளியே விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் கன்றைப் பார்த்தால் யாருக்கும் நோய் தெரியும். ஆனால் அது முற்றிய நிலை. அந்த நிலையில் சிகிச்சை பாதிக் கன்றைத்தான் மீட்கும் என்ற நினைப்போடுதான் தொடங்கவேண்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய நோய்களும் சில உண்டு. தொண்டை அடைப்பான் பாஸ்சுரெல்லாவின் வேறொரு வகையால் வருவது. மழைக்காலத்தில், எருமைகளிடம் அதிகம். கடும் காய்ச்சலோடு தொண்டையும் தாடையும் வீங்கி, எச்சில் ஒழுகி, குறட்டைச் சத்தத்தோடு மூச்சு வரும். ஒரே நாளில் உயிர் போய்விடும் என்பதால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக்கூடாது. குளிர்ந்த, ஈரமான மலைப்பகுதிகளில் மேயும் கன்றுகளுக்கு நுரையீரல் புழு வரலாம். சாணத்தில் முளைக்கும் ஒரு பூஞ்சை தன் விதைப்பையை வெடித்து வீசும்போது புழுவின் குஞ்சுகளும் அதில் ஏறிப் பல அடி தூரம் பறந்து புல்லில் விழுகின்றன. காய்ச்சல் அதிகமில்லாமல் பல கன்றுகள் நாள்கணக்கில் இருமினால் சாணப் பரிசோதனை தேவை.

சிகிச்சை மருத்துவரின் வேலை. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்பது ஊருக்கு ஊர், பண்ணைக்குப் பண்ணை மாறும். பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவரைத் தாக்கிக் கொல்பவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது. பக்கத்து வீட்டுக் கன்றுக்குக் கேட்ட ஊசியை வாங்கிவந்து தானே போடுவது ஏன் பலிக்காமல் போகிறது என்பதற்கு இது ஒன்றே போதும். இரண்டாம் நாள் கன்று துள்ளத் தொடங்கியதும் மருந்தை நிறுத்துவதும் தவறு. மருத்துவர் சொன்ன நாள் வரை போடாவிட்டால் நோய் திரும்பும், அப்போது அதே மருந்து கேட்காது. ஆன்டிபயாட்டிக்கோடு காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் ஒரு மருந்து சேர்த்துக் கொடுத்தால் கன்று சீக்கிரம் பால் குடிக்கத் தொடங்கும். இங்கே ஒரு பொறுப்பும் இருக்கிறது. டைக்ளோஃபெனாக் போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததால், கால்நடைகளுக்கு அந்த மருந்து இந்தியாவில் 2006இல் தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023இல் தடைக்குள் வந்தன. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் வாழ்கின்றன. மெலாக்சிகாம் அவற்றுக்குக் கேடு செய்யாதது, கன்றுக்கும் நன்றாகக் கேட்பது.

நோயுற்ற கன்றை நிழலும் காற்றோட்டமும் உள்ள தனி இடத்தில் காய்ந்த படுக்கையில் விட்டு, பாலைக் குறைத்துவிடாமல் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்கவேண்டும். குடிநீர் எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும். குளிப்பாட்டக்கூடாது, ஓட்டக்கூடாது, வாயில் எதையும் வலிந்து ஊற்றக்கூடாது.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, கன்றின் மூச்சு வைரஸ்களுக்கு மூக்கில் விடும் தடுப்பு மருந்துகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாகப் புழங்குகின்றன. நம் ஊர் மாடு வளர்ப்போரின் கைக்கு எட்டுவது தொண்டை அடைப்பான் தடுப்பூசி. ஆறு மாத வயதில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் ஒன்று. சீம்பாலும் காற்றும் சரியில்லாத கொட்டகையில் எந்த ஊசியும் தனியாக நின்று காக்காது.

ஒரே கொட்டகையில் அடுத்தடுத்து இரண்டு கன்று இறந்தால், இரண்டாவதைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் சொல்லிப் பிரேதப் பரிசோதனை செய்யவேண்டும். மாவட்டங்களில் இருக்கும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு மூலம் கிருமி எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிந்துகொள்ள வழியுண்டு. மிச்சமுள்ள கன்றுகளுக்கு அது பயன்படும். மருந்தகம் தொலைவில் உள்ள ஊர்களில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். அழைக்கும்போது கன்றின் வயது, காலையில் பார்த்த காய்ச்சல், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எப்போதிலிருந்து பால் குடிப்பது குறைந்தது, ஏற்கெனவே ஏதாவது மருந்து கொடுத்தாயிற்றா ஆகிய ஐந்தையும் சொல்லுங்கள்.